ஈரமாய் வந்த நாலு ஜக்கெட்

கண்ணகை அம்மன் துணை

பேத்தாழை,
செவ்வாய்க்கிழமை பகல்.

அன்பு மகன் யதுர்ஷனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. அம்மன் புண்ணியத்தில் நான் எழும்பி நடமாடுகிறேன். நீ சுகமா என்று இந்த முறை கேட்கப் போவதில்லை, சனிக்கிழமையிலிருந்து பாசிக்குடாவில் கடலைப் பார்த்த அறையில் படுத்தெழும்புகிறவன் சுகமாகத்தான் இருப்பான். உனக்கு எழுதுவதென்றால் லண்டனுக்கு முத்திரை ஒட்ட வேண்டும் என்று ஆறு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன், ஒட்டவில்லை என்பது வேறு கதை. இந்தக் கடிதத்துக்கு முத்திரை தேவையில்லை. நாலு மைல்தான். உன் தம்பி பிரதீஸ் படகுக்குப் போகிற வழியில் கொண்டுவந்து கையில் தருவான். நீ வந்ததை என்னிடம் மறைத்தவனும் அவன்தான், எனக்குத் தெரிந்துவிட்டது என்பதைச் சுமந்து வருகிறவனும் அவன்தான். அவனை ஏசாதே, ஏச வேண்டியதை நான் ஏசி முடித்துவிட்டேன். போனில் கதையுங்கம்மா என்றுதான் அவன் சொன்னான். போனில் என்றால் ஒன்றில் நீ வைத்துவிடுவாய், அல்லது நான் அழுதுவிடுவேன். எழுத்தில் இரண்டுக்கும் இடமில்லை.

எப்படித் தெரிந்தது என்று யோசிப்பாய். தம்பியின் தொழில் உனக்குத் தெரியும், ஆனால் அதில் எனக்கு என்ன வேலை என்று நீ ஒருநாளும் அவனிடம் கேட்டிருக்க மாட்டாய். கண்ணாடி வைத்த படகில் ஏற்றிக் கடலுக்கடியில் பவளமாய் வளர்ந்த முருகைக்கல்லும் மீனும் காட்டுகிறான், மூச்சுக்குழாய் போட்டு நீந்துகிறவர்களை அந்தக் கல்லடியில் இறக்கி ஏற்றுகிறான், மஞ்சள் நிறத்தில் நீளமான ஒரு ரப்பர் பையில் ஆறு பேரைக் குதிரையில் இருத்துகிற மாதிரி இருத்தி எஞ்சின் படகால் இழுத்துக்கொண்டு ஓடுகிறான், அதற்குப் பனானா போட் என்று பேர். கடைசியில் அதைக் கவிழ்த்து எல்லோரையும் தண்ணீரில் கொட்ட வேண்டுமாம், கொட்டாவிட்டால் வந்தவர்களுக்குத் திருப்தி இல்லையாம். இதற்கெல்லாம் தண்ணீரில் மிதக்கப் போடுகிற ஜக்கெட்டுகள் பின்னேரம் என்னிடம் வரும். கடற்கரையில் நல்ல தண்ணீர் இல்லை, உப்போடு விட்டால் நாடா இற்றுப்போகும். நான் கிணற்றடியில் அலசி, பின்வேலியில் காயப்போட்டு, காலையில் எண்ணி அனுப்புவேன். இருபத்தாறு ஜக்கெட், ஒவ்வொன்றிலும் கறுப்பு மையால் நான் எழுதிய இலக்கம் இருக்கிறது. எந்த இலக்கம் எந்தப் பயணத்தில் போனது, எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் வந்தார்கள் என்று அவன் ஒரு துண்டில் எழுதிக்கொண்டு வருவான், நான் அதைக் கொப்பியில் ஏற்றுவேன். அவனுக்கு இது அலுப்பு. ஆனால் போன வருடம் வேறொரு படகுக்காரர் கல்லடியில் நீந்தவிட்ட ஒரு வெளிநாட்டுப் பெண்ணை எண்ணாமல் கரைக்கு வந்துவிட்டார், அந்தப் பிள்ளை முக்கால் மணித்தியாலம் கல்லைப் பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டு நின்றதாம். அன்றைக்கே சொல்லிவிட்டேன், என் கொப்பியில் ஏறாத ஆள் நம் படகில் ஏறக்கூடாது என்று. நாலாம் வகுப்போடு நின்றவளின் கொப்பிதான். இன்றுவரை அதில் பிழை வந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமைத் துண்டில் ஒரே வரி, காற்று, படகு இறக்கவில்லை. ஆனால் கூடையில் நாலு ஜக்கெட் ஈரம். மூன்று, ஏழு, எட்டு, பதினைந்து. பதினைந்தில் யாரோ சத்தி எடுத்திருந்தார்கள். என்னடா இது என்று கேட்டேன். "மழையில நனைஞ்சதம்மா" என்றான். ஆவணியில் எந்த மழை, கச்சான் காற்று அடித்து வளவெல்லாம் வெடித்துக் கிடக்கிறது. ஏழாம் இலக்கத்தின் நாடாவை நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்புக் கரித்தது. திரும்பவும் கேட்டதற்கு, "தெரிஞ்ச ஆக்கள், சும்மா ஒரு சுத்துச் சுத்திக் காட்டினன், அதயும் எழுதோணுமா, நீங்க பொலிசில சேர்ந்திருக்கலாம்" என்று சிரித்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டான். நானும் விட்டுவிட்டுப் பதினைந்தைச் சவர்க்காரம் போட்டு மூன்று தண்ணீரில் கழுவினேன். வயிறு முட்டத் தின்னக் கொடுத்து அந்தக் கையோடு கடலில் ஏற்றியிருக்கிறார்கள், கூட வந்ததுகளுக்கு மூளை எங்கே போனது என்று ஏசி ஏசித்தான் கழுவினேன். நேற்றுக் காலை கொப்பியைத் திறந்தபோது அந்த நாளை எழுத எனக்குக் கை வரவில்லை. பேனையைத் தம்பியின் கையில் கொடுத்து, நீயே எழுது, அம்மன் படத்துக்கு முன்னால் இருந்து எழுது என்றேன். அவன் தேநீரை வைத்துவிட்டு எழுதினான். அண்ணா, சஹ்லா மச்சாள், மச்சாளின் தாய் ஜெமீலா, மச்சாளின் தம்பி ஜிப்ரி. எழுதி முடித்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல், "மச்சாளுக்கு இது நாலாம் மாசம், அதான் சத்தி" என்றான்.

மகன், உன் மனைவி பிள்ளை சுமக்கிறாள் என்பதை ஒரு அழுக்கு ஜக்கெட்டைக் கழுவித்தான் உன் தாய் அறிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஆறு வருடத்துக்குப் பிறகு வந்த கர்ப்பம். அவளுடைய ஊர் ஓட்டமாவடியில் எத்தனை வீட்டில் இனிப்புக் கொடுத்திருப்பார்களோ. அவர்களை நான் குறை சொல்லவில்லை, அவர்களுக்குச் சொன்னாய், கொடுத்தார்கள். நேற்று முழுவதும் பிரதீஸை விடாமல் கேட்டேன், படகில் என்ன கதைத்தீர்கள், ஒரு சொல் விடாமல் சொல் என்று. ஜெமீலா படகின் நடுவில் இருந்து இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டு, "மகன், மெள்ள ஓட்டுங்க, எனக்கு மீனும் வேணாம் கல்லும் வேணாம், கரையக் கண்டாப் போதும்" என்றாவாம், எல்லோரும் சிரித்தீர்களாம். பிறகு அவ பிரதீஸைப் பார்த்து, "உங்கட அம்மாக்கு இன்னும் சொல்லலியா, பாவம்கா அந்த மனிசி, தெரிஞ்சா வயிறெரியும்" என்றாவாம். அதற்கு நீ சொன்னதையும் சொன்னான். "அவ சத்தியம் பண்ணினவ, நான் அத உடைக்கப் போகல்ல. அம்மாட கொப்பியில எங்கட பேர் வரப்படாது, நீ வாயத் திறக்காத." உன் வார்த்தை எனக்குச் சுட்டது உண்மை. ஆனால் அதைவிடச் சுட்டது ஜெமீலாவின் இரக்கம். கடலின் நடுவில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கிற நேரத்திலும் அவ என்னை நினைத்துப் பரிதாபப்பட்டிருக்கிறா. என் வயிற்றில் பிறந்தவன் வாயை மூடச் சொல்லியிருக்கிறான்.

சத்தியம் பண்ணினேன், இல்லையென்று சொல்லவில்லை. நீ கல்யாணப் பதிவு எழுதி மூன்று நாளைக்குப் பிறகு போன் எடுத்துச் சொன்னாய். உங்கள் அப்பா போய் ஒரு வருடம்கூட ஆகாத நேரம். நீ கேட்டுக்கொண்டிருக்கத்தான் அம்மன் படத்துக்கு முன்னால் கற்பூரத்தை அணைத்துச் சொன்னேன், நீயும் அவளும் சேர்ந்து இந்த வாசலால் ஏறி வந்தால் நான் இந்த வீட்டில் இருக்க மாட்டேன் என்று. அந்தப் பிள்ளை தொழுகிற இடம் வேறு என்பதில் எனக்குக் கோபமே இல்லை என்று எழுதினால் பொய்யாகிவிடும், இந்த வயதில் பொய் எழுதி என்ன கண்டேன். ஆனால் அதைவிடப் பெரிய கோபம், எல்லோருக்கும் தெரிந்த பிறகு எனக்குத் தெரிந்ததுதான். இப்போதும் அதையேதான் செய்திருக்கிறாய். ஜெமீலாவும் இரண்டு வருடம் உன்னோடு கதைக்காமல் இருந்தவதான், அது எனக்குத் தெரியும். பிறகு அவ இறங்கி வந்தா. நான் நின்ற இடத்திலேயே நின்றேன். இறங்கியவ மகளோடு படகில் இருக்கிறா, நின்றவள் கிணற்றடியில் இருக்கிறாள். யாருக்கும் தெரியாத ஒன்றையும் எழுதிவிடுகிறேன். வருடங்கள் போயும் உங்களுக்குப் பிள்ளை இல்லை என்று கேள்விப்பட்டபோது, என் வாய் பட்டுத்தான் இப்படியோ என்று பயந்து, மூன்று வைகாசிச் சடங்குக்கு அம்மனிடம் போய் மடிப்பிச்சை கேட்டேன், அவளுக்காக. நீ நம்பினால் நம்பு. உன்னைக் குளிர்விக்க எழுதவில்லை, நடந்ததை எழுதுகிறேன்.

அதனால்தான் இதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன். நாளைக்குச் சஹ்லாவைப் பனானா போட்டில் ஏற்றக் கேட்டாயாமே, மெதுவாக இழு, கவிழ்க்காதே, படம் எடுக்க மட்டும் என்று. உனக்குப் புத்தி என்ன கடலோடு போய்விட்டதா. அது மெதுவாகப் போனாலும் ஒவ்வொரு அலைக்கும் அடிவயிற்றில்தான் குத்தும். நாலாம் மாதத்தில் நம் ஊரில் பெண்களை மாட்டு வண்டியில்கூட ஏற்ற மாட்டார்கள். ஏற்றினால் உன் எஞ்சினை நம் வீட்டுக்குப் பின்னால் கிடக்கிற வாவியில் தள்ளிவிடுவேன் என்று பிரதீஸிடம் சொல்லிவிட்டேன், அவனுக்குத் தெரியும் நான் சொன்னதைச் செய்வேன் என்று, அதுதானே என்னுடைய வியாதி. ஜெட் ஸ்கியும் வேண்டாம். நீந்த ஆசைப்பட்டால் பாசிக்குடா ஆழமில்லாத கடல், இடுப்பளவில் நிற்கலாம், வெயில் ஏறுமுன் நிற்கட்டும். படகில் ஜக்கெட் போட்டால் கீழ் நாடாவை வயிற்றுக்கு மேலால் இறுக்கவிடாதே, தளர்த்தி மேலே கட்டச் சொல். இஞ்சித் துண்டு ஒன்றை உப்புத் தொட்டு வாயில் வைத்திருந்தால் சத்தி அடங்கும். இதெல்லாம் ஜெமீலா சொல்லியிருப்பா. இரண்டாம் தரம் கேட்பதால் காது தேயாது.

வீட்டுப் புதினம் பெரிதாக இல்லை. பிரதீஸுக்குக் குருக்கள்மடத்தில் ஒரு பெண் பார்த்திருக்கிறோம், வதனி என்று பேர், முன்பள்ளியில் படிப்பிக்கிறா. அண்ணன் வருவாரா என்று அவர்கள் கேட்டார்கள், லண்டனில் வேலை கூடுதல் என்று சொல்லிவைத்தேன். கிணற்றுத் தண்ணீர் இந்த வருடம் லேசாக உப்புச் சவர் காட்டுகிறது. முன்வாசல் பந்தல் போன மாரியில் விழுந்தது, கட்டவில்லை, அந்த வாசலால் வருகிறவர்களும் குறைவுதான்.

இனிக் கேள். வெள்ளிக்கிழமை நீங்கள் கொழும்புக்குப் போகிறீர்கள் என்று தெரியும். தம்பியின் மற்றப் படகு வாவிப் படகு, கண்டல் மரமும் கொக்கும் நீர்க்காகமும் காட்டுகிற படகு. அது தினமும் நம் பின்வேலிக்குக் கிட்டத்தான் போகும். வருகிறவர்கள் வேலியில் செம்மஞ்சளாகத் தொங்குகிற ஜக்கெட்டுகளையும், அவற்றுக்கு நடுவில் நிற்கிற என்னையும் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள், எந்தெந்த நாட்டில் யார் யார் வீட்டில் நான் இருக்கிறேனோ தெரியாது. நான் சத்தியம் பண்ணியது வாசலை. வாவியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. வீட்டுக்குள் ஏறினால்தானே பிழை, வளவில் நிற்பதற்கு என்ன. இது தந்திரம் என்று அம்மனுக்குத் தெரியாமல் இருக்குமா, கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்வேன், நீ கவலைப்படாதே. வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குப் படகை நம் பக்கம் திருப்பச் சொல்லியிருக்கிறேன். பின்வேலியில் இரண்டு ஓலைக் கிடுகு கழற்றி வைப்பேன், கரையில் பலகை போடுவேன், சஹ்லாவின் கையைப் பிடித்து நீ இறக்கு. அடுப்பை வெளியில் மூட்டி முருங்கை மரத்துக்குக் கீழ் சோறு போடுவேன். மீன்தான், கோழி அறுக்கவில்லை, மீனில் அவர்களுக்குத் தடையில்லை என்று எனக்குத் தெரியும், ஓட்டமாவடிச் சந்தையில் முப்பது வருடம் சாமான் வாங்கியவள் நான். என் சட்டியில் சமைத்தது ஜெமீலாவுக்கு மனமில்லையென்றால் இளநீர் வெட்டி வைத்திருப்பேன். அவவையும் கூட்டி வா. என்னைப் பாவம் என்று சொன்னவ நேரில் பார்த்துச் சொல்லட்டும்.

மன்னிப்பு நான் கேட்கவில்லை, நீயும் கேட்க வேண்டாம், இரண்டு பேருக்கும் அது வராது. அந்தப் பிள்ளை சஹ்லாவைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பத்து மணிவரை கரையில் நிற்பேன், பிறகு காற்று ஏறிவிடும், கிடுகைக் கட்டிவிடுவேன். வர மனமில்லையென்றால் அந்த வாவிப் படகில் ஏறவே ஏறாதே. ஏறிவந்து, நம் வேலியைத் தூரத்தில் காட்டி ஏதாவது சொல்லி, கடந்து மட்டும் போய்விடாதே, அதை என்னால் தாங்க முடியாது.

வாசித்ததும் இந்தக் கடிதத்தைப் பிரதீஸின் கையிலேயே திருப்பிக் கொடு. அறையில் விட்டுவிட்டு வராதே, அங்கே அறை கூட்டுகிறவர்கள் எல்லாம் நம் ஊர்ப் பிள்ளைகள், வாசிக்கத் தெரிந்தவர்கள்.

அம்மன் உங்கள் மூன்று பேரையும் காத்துத் தரட்டும். மூன்று என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

உன் அம்மா,
வ. புஸ்பம்