கதவுக்குப் பின்னால் அடுக்கும் கப்புகள்

14-8-1971, சனிக்கிழமை

மெட்ராசில் வேலை பார்க்கும் பெரிய மகளிடமிருந்து இன்று கடிதம் வந்தது. தினம் பேப்பரில் அந்த ஊர்த் திருட்டையும் கத்திக்குத்தையும் படித்துவிட்டு, வேலையை விட்டு வந்துவிடு என்று போன வாரம் எழுதியிருந்தேன். அவளை அனுப்பும்போதே, நான் வேலை பார்க்கும் பீங்கான் சூளையில் கோணிப்போனதென்று ஒதுக்கிய ஆறு கப்புகளைக் கொடுத்தனுப்பியவன் நான். ராத்திரி விடுதி அறைக் கதவுக்குப் பின்னால் அடுக்கி வைத்தால், எவன் திறந்தாலும் சரிந்து சத்தம் போடும். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

வருகிறேன் என்றோ மாட்டேன் என்றோ அவள் எழுதவில்லை. "அந்தக் கப்பில்தான் அறையில் எல்லாரும் டீ குடிக்கிறோம். பக்கத்து அறைக்கும் ஆறு வேண்டும், அப்பா" என்று எழுதியிருக்கிறாள்.

மனைவிக்குப் படித்துக் காட்டினேன்.

"திருடன் வந்தா அவனுக்கும் ஒரு டீ ஊத்திக் குடுப்பாளுங்க" என்றாள்.

"வெளயாடாதடி. பேப்பர்ல என்னா போட்டிருக்கான் தெரியுமா?"

"மொதல்ல அந்தப் பேப்பர நிறுத்துங்க. அவ நல்லாத்தான் இருக்கா."

வேலையை விடச் சொன்னதும் நான்தான். திங்கட்கிழமை மேஸ்திரியிடம் ஆறு கோணல் கப்பு கேட்டு நிற்கப்போவதும் நான்தான். தன் அறைக்குத் தாழ்ப்பாள் சரியாக இருக்கிறதா என்று மட்டும் அவள் எழுதவே இல்லை.