அடைத்த வெண்டிலேட்டர்

19 ஏப்ரல் 2012, வியாழன்

இன்றும் மதியம் கரண்டு போனது. ஏ.சி. நின்ற கொஞ்ச நேரத்திலேயே என் வீட்டுக்காரர் படுத்திருக்கும் அறை அடுப்பாகிவிட்டது. பக்கவாதம் வந்ததிலிருந்து புரண்டு படுக்கவும் அவருக்கு நான் வேண்டும். முதுகுப்புண் வேர்வையில் மறுபடியும் நசநசத்துப் போயிருக்கிறது.

ஆயுசு முழுக்கக் கொத்தனார் வேலை பார்த்தவர். "மொட்டை மாடியில வெள்ளை ஓடு பதிச்சாப் போதும், சூடு கீழ எறங்காது" என்று அன்றே சொன்னார். நான்தான் கேட்கவில்லை. துபாயிலிருந்து மகன் ஆசையாக ஏ.சி. வாங்கப் பணம் அனுப்பியிருந்தான். மாட்ட வந்தவன் குளிர் வெளியே போய்விடும் என்றான். சுவர் உச்சியில் காற்றுக்காக விட்டிருந்த மூன்று வெண்டிலேட்டரையும் சிமெண்டு வைத்து அடைக்கச் சொன்னேன். இருக்கிற ஒரே ஜன்னலும் மேற்கு வெயிலைப் பார்த்து நிற்கிறது. இப்போது உடைத்தால் ஏ.சி. வீண். உடைக்காவிட்டால் இவர்...

விசிறிக்கொண்டிருக்கும்போது மகன் போன் செய்தான். அவரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"அம்மா, அப்பாக்கு இப்ப தணுப்பா இருக்கா?"

அந்த ஊர் வெயிலில் நின்று வேலை செய்கிறவனிடம் என்ன சொல்வது? "இருக்கு மக்கா" என்றேன். என் குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது. "நெசமாவா?" என்றான் அவன்.

அப்போது இவர், குழறும் நாக்கோடு, அவனுக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார்.

"ஏட்டி, தணுக்குது. போர்வைய எடுத்து மூடு."

போனில் மகன் சிரித்தான். நான் அவர் கழுத்தில் வழிந்த வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.