உன் உயரமும் ஒரு சாணும்

இன்று மத்தியானம் மூங்கில் கோல் தானாகச் சரிந்து விழுந்தது. ஈப்போ பழைய நகரத்தில், ஒரு கடைவீட்டின் மாடியில் என் அலுவலகம் இருக்கிறது. கூரையில் காற்றாடி ஓடவில்லை, சன்னலும் சாத்தியிருந்தது. இத்தனை வருடமாகக் கதவுக்குப் பின்னால் சாய்ந்து நின்ற கோல், யாரோ பிடித்திருந்த கையை விட்டதைப் போல மெல்ல நழுவித் தரையில் படுத்துக்கொண்டது. குனிந்து எடுத்தபோது பச்சைத் தென்னோலை வாசனை அடித்தது. பழுப்பேறிக் காய்ந்துபோன மூங்கிலில் அந்த வாசனை எப்படி வரும்? மழை வரப்போகிறது, ஈரக்காற்று, அதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மழை வரவில்லை. நான் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

உன் பெயரை எழுதப் போவதில்லை. போனவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார்கள் என்று தோட்டத்துச் செல்லம்மா அக்கா சொல்லியிருக்கிறார். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. இருந்தாலும் எழுதவில்லை.

அந்தப் போட்டியை நினைத்துக்கொள்கிறேன். கைவிடப்பட்ட ஓர் இடத்தில், ஆணியும் சிமெண்டும் இல்லாமல், பிரித்தெடுத்த பின் தடமே தெரியாதபடி ஒரு நிழலிடம் கட்ட வேண்டும். கட்டடக்கலை மாணவர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு குழு. நீ, நான், ஹாஃபிஸ், மெய் லிங். மற்ற குழுக்கள் எல்லாம் கணினியில் வளைத்து வளைத்து வரைந்துகொண்டிருந்தபோது, நீ சிற்றுண்டிச் சாலையில் தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு ஒரு காகிதத்தில் கிறுக்கிக் காட்டினாய். இரண்டு நீள மூங்கில். குறுக்கே சின்னச் சின்னக் குச்சிகள். மேலே பின்னிய தென்னோலை. எல்லாவற்றையும் கயிற்றால் கட்டுவது. இப்படிப் பல சட்டங்கள் செய்து, இரண்டிரண்டாக ஒன்றன்மேல் ஒன்றைச் சாய்த்து வரிசையாக நிறுத்தினால் உள்ளே நடந்து போக நீளமான ஒரு வழி கிடைக்கும். அஸ்திவாரம் கிடையாது. ஒன்றின் பாரத்தை மற்றது தாங்கும்.

"நாலு பேரு தோள்ல வச்சி தூக்கிட்டுப் போலாம். லோரியும் வேணாம், கிரேனும் வேணாம்" என்றாய்.

விரிவுரையாளர் காற்றில் பறந்துவிடும் என்றார். நீ சிரித்தாய். வரைபடங்களைச் சுத்தமாக வரைந்து கொடுத்தது நான்தான். ஒரு சாயங்காலம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அவற்றை விரித்து வைத்திருந்தேன். அந்தப் பக்கமாக வந்த அப்பா நின்றுவிட்டார்.

"இதென்ன பிள்ளை கீறி வச்சிருக்கிறாய்?"

"மாட்யூல், அப்பா. போட்டிக்கு."

அவர் தன் தேநீரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவர் வாய்வரை வந்த பாடை என்ற சொல்லை விளக்கு வைக்கிற நேரத்தில் எங்கள் வீட்டில் சொல்ல மாட்டார்கள் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள், ஈப்போவில் வளர்ந்தவர்கள். எங்கள் குடும்பத்தில் யாராவது இறந்தால் மெருகு போட்ட பெட்டி வரும், கறுப்பு வேன் வரும், பெண்கள் வாசலோடு நின்றுவிடுவோம். பாடை என்ற ஒன்றை நான் என் கண்ணால் பார்த்ததே இல்லை. அதைத்தான் அளவு குறித்து, நிழல் போட்டு, மூன்று கோணங்களில் வரைந்துகொண்டிருந்தேன்.

இடம் நீ பார்த்து வைத்ததுதான். ஈப்போவிலிருந்து உன் ஊரான சித்தியவானுக்குப் போகிற பக்கம், பழைய ரப்பர் தோட்டம். முக்கால்வாசி இப்போது செம்பனை. உள்ளே ஒரு மூலையில் மட்டும் வெட்டாமல் விட்ட ரப்பர் மரங்கள், பட்டையில் பழைய பால்வெட்டின் வடுக்களோடு நின்றன. பக்கத்தில் தோட்டத் தொழிலாளர்களுக்குக் கட்டிய ஒரு வரிசை லயன் வீடுகள், அதில் சில குடும்பங்கள். முதல் வீட்டில் செல்லம்மா அக்கா. குழாய்த் தண்ணீரும் கொடுப்பார், வாய் நிறையத் திட்டும் கொடுப்பார். பாகான் டத்தோவில் இருந்த உன் மாமா ஒரு லோரி நிறைய ஓலை அனுப்பியிருந்தார்.

முதல் நாளே ஹாஃபிஸ் அளவு நாடாவை மறந்துவிட்டு வந்தான். "நாடா எதுக்கு? நானே அளவு" என்று நீ சட்டென்று தரையில் படுத்தாய். இரண்டு மூங்கிலுக்கு நடுவே, சருகின் மேல், கைகளைப் பக்கத்தில் ஒட்டி வைத்துக்கொண்டு, கண்ணை மூடியபடி.

"கால்ல ஒரு குறி போடு. தலையில போடுறப்ப ஒரு சாண் கூட வை."

"அது எதுக்கு?"

"தலைக்கு மேல கொஞ்சம் காத்து வேணும்லா."

சுண்ணக்கட்டியால் குறி போட்டேன். வெயில் காலம். அதுவரை மரத்துக்கு மரம் ரப்பர்க் கொட்டைகள் பட்பட்டென்று வெடித்துக்கொண்டிருந்தன. குறி போட்டு முடித்து நிமிர்ந்தபோது ஒரு சத்தமும் இல்லை. எழுந்திரு என்று உன் பெயரைச் சொன்னேன். நீ அசையவில்லை. மறுபடி கூப்பிட்டேன். உன் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தேன், தெரியவில்லை. மூன்றாவது முறை என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. அப்போதுதான் கண்ணைத் திறந்தாய். "தூங்கிட்டேன் போல" என்றாய். உன் முதுகில் ஒட்டியிருந்த சருகைத் தட்டிவிட்டபோது சட்டை சில்லென்றிருந்தது. எங்கள் சட்டையெல்லாம் வியர்வையில் ஊறிக் கிடந்தது.

அந்தக் குறிகளை வைத்து மெல்லிய மூங்கில் ஒன்றை நறுக்கினாய். அதுதான் இந்தக் கோல். எல்லா மூங்கிலையும் அதைக் கொண்டே அளந்து வெட்டினோம். எல்லாச் சட்டமும் உன் உயரமும் ஒரு சாணும்.

முதல் சட்டத்தை நாலு பேரும் தோளில் ஏற்றிக்கொண்டு லயன் வீடுகளைக் கடந்தபோதுதான் செல்லம்மா அக்காவின் கையிலிருந்த வாளி கீழே விழுந்தது.

"அடப்பாவிங்களா, யாருடா செத்தது?"

"யாரும் சாகலை அக்கா. இது எங்க ப்ராஜெக்ட்" என்றேன், பெரிய கெட்டிக்காரி மாதிரி.

"என்னா பேரு வேணாலும் வச்சிக்கோ. பாடைடி அது! ஆளே இல்லாம யாராச்சும் பாடை கட்டுவாங்களா? அதுவும் இத்தன! வெறும் பாடை ஆளைத் தேடும்டி!"

என் தோளில் இருந்தது என்னவென்று அப்போதுதான் தெரிந்தது. மெய் லிங்குக்கும் ஹாஃபிஸுக்கும் மலாயில் விளக்க வேண்டியிருந்தது. ஒருவழியாகச் சொன்னதும் மெய் லிங் போய்க் கையைக் கழுவிக்கொண்டாள். "அலாமாக்" என்று ஹாஃபிஸ் தரையில் உட்கார்ந்துவிட்டான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

"தெரிஞ்சேதான் செஞ்சியா?"

"தெரிஞ்சுதான்" என்றாய். "அப்பா போனப்ப என் கண்ணு முன்னால கட்டுனாங்க தர்ஷி. ஒரு காலையில கட்டி முடிச்சிட்டாங்க. எவ்வளவு லேசு தெரியுமா? அவ்வளவு பெரிய மனுசன், நாலு பேரு தூக்கிட்டு சும்மா நடந்து போனாங்க. ஆனா அதுல போனவரு திரும்பி வரலை. அதையே வச்சி ஒண்ணு கட்டணும். மனுசங்க உள்ள போவணும், அந்தப் பக்கம் வெளிய வரணும். அவ்வளவுதான்."

அதற்கு மேல் நான் என்ன சண்டை போடுவது? கோபம் மட்டும் போகவில்லை.

லயன் வீட்டுக்காரர்கள் குழாயைப் பூட்டினார்கள். பிரித்தெடுக்காவிட்டால் அவர்களே கொளுத்திவிடுவதாகச் சொன்னார்கள். நடுவர்கள் வரும் நாள் நெருங்கிவிட்டது, வேறொன்று கட்ட நேரமில்லை. போட்டி போனால் எனக்கு மதிப்பெண்தான் போகும். உனக்கு அப்படி இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. நீ தனியாகச் செல்லம்மா அக்கா வீட்டுப் படியில் போய் உட்கார்ந்தாய். என்ன பேசினாய் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. திரும்பி வந்து, "போலே" என்று மலாயில் சொல்லிவிட்டு, "கட்டிக்கலாமாம். ஆனா அவங்க ஏதோ செய்வாங்களாம், நாம கேக்கக் கூடாதாம்" என்றாய்.

நடுவர்கள் வந்த அன்று காலையில் பனி விலகாத நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். ஒவ்வொரு சட்டத்தின் தலைமாட்டிலும், மஞ்சள் கயிற்றில், குடுமி வைத்த ஒரு தேங்காய் தொங்கியது. காற்று இல்லை. எல்லாத் தேங்காயும் மெல்ல ஆடிக்கொண்டிருந்தன.

செல்லம்மா அக்காதான் சொன்னார். சனிக்கிழமை இறந்தவர் துணைக்கு இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு போவார் என்று ஒரு பயம். அதனால் பாடையில் துணையாக ஒரு தேங்காயைக் கட்டி அனுப்புவார்கள். "இதுல ஆளே இல்ல. அதான் ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஆளு குடுத்துட்டோம். இனிமே தேடாது."

அதற்குள் நீ நுழைவாசல் தேங்காயில் தலையை இடித்துக்கொண்டாய். எரிச்சலோ விளையாட்டோ, பாராங்கத்தியால் கயிற்றை அறுத்து, தேங்காயை உடைத்து எங்களுக்கு ஆளுக்கொரு சில் கொடுத்து நீயும் தின்றாய். எதற்கெடுத்தாலும் திட்டுகிற செல்லம்மா அக்கா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். திட்டியிருக்கலாம் என்று இப்போதும் நினைக்கிறேன்.

மூன்று நடுவர்கள் வந்தார்கள். யாரும் சொல்லாமலே காலணியைக் கழற்றினார்கள். உள்ளே போனதும் அவர்களின் பேச்சு கிசுகிசுப்பாக மாறிவிட்டது. தேங்காய் எதற்கு என்று ஒருவர் கேட்டார். "காற்று தூக்காமல் இருக்க எடை" என்று முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் ஆங்கிலத்தில் அளந்தாய். நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். கடைசியாக வெளியே வந்த பெண் நடுவர் காலணியை மாட்டிக்கொண்டே கேட்டார்: "வாசல் பக்கத்தில் ஒருவர் படுத்திருக்கிறாரே, அவரும் உங்கள் குழுதானா?"

நாங்கள் நாலு பேரும் அவர் முன்னால் நின்றுகொண்டிருந்தோம்.

நீ மட்டும் உள்ளே போனாய். குனிந்து ஒரு நடை நடந்து வந்துவிடக்கூடிய தூரம், ஆனால் உன்னைக் காணோம். ஓலைகள் சரசரத்தன, சுமையோடு நடப்பவர்களின் காலடி மாதிரி. பிறகு அந்தப் பக்கமாக வெளியே வந்து, "யாரும் இல்ல" என்றாய். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

நமக்கு ஆறுதல் பரிசு கிடைத்தது. "யாருக்கு ஆறுதலாம்?" என்று கேட்டு நீயே சிரித்தாய். பிரித்தெடுத்த எல்லாவற்றையும் லயன் வீட்டுக்காரர்கள் கேட்டபடி அங்கேயே எரித்தோம். இந்தக் கோலை மட்டும் தீயில் போடாமல் என் கையில் கொடுத்தாய். "வச்சிக்கோ. தேவைப்படும்."

அடுத்த வருடம் ஒரு சனிக்கிழமை காலையில் உன் தங்கை போன் செய்தாள்.

"அக்கா, அண்ணன் எந்திரிக்கல. அப்பா மாதிரியே, தூக்கத்துல." பிறகு, "அண்ணனுக்குப் பெட்டி வேணாமாம். போன வாரம்தான் சொல்லிச்சு. கோலு உங்ககிட்ட இருக்காம், எடுத்துட்டு வருவீங்களாம்."

போன வாரம். உனக்குத் தெரிந்திருந்ததா? அப்பாவின் நெஞ்சுதான் உனக்கும் என்று யாராவது மருத்துவர் சொல்லியிருந்தாரா, இல்லை அந்த ஓலைகளுக்குள் எதையாவது பார்த்தாயா? எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். உனக்குப் பதில் சொல்லும் பழக்கமே கிடையாது.

கோலின் முனை கார்ச் சன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க, சித்தியவானுக்கு ஓட்டி வந்தேன். கூடத்தில் நீ படுத்திருந்தாய், கைகளைப் பக்கத்தில் ஒட்டி வைத்துக்கொண்டு, கண்ணை மூடியபடி. எனக்குத் தெரிந்த அதே படுக்கை. வெட்கத்தை விட்டுக் கூப்பிட்டேன். மறுபடி கூப்பிட்டேன். மூன்றாவது முறையும் கூப்பிட்டேன். பிறகுதான் அழுதேன், உன் தங்கையைக் கட்டிக்கொண்டு, சத்தமாக.

முற்றத்தில் ஆண்கள் பச்சை மூங்கிலைப் போட்டு வைத்திருந்தார்கள். உன் மாமா அளவெடுக்கக் கயிற்றோடு உள்ளே வந்தார்.

"அளவு எடுக்க வேணாம் மாமா. இருக்கு" என்று கோலை நீட்டினேன்.

அவர் அதை மூங்கிலில் வைத்துப் பார்த்தார், உன்னையும் பார்த்தார். "ஒரு சாண் கூட இருக்கேம்மா?"

"காத்துக்கு" என்றேன். வேறு என்ன சொல்ல?

அவர் அப்படியே வெட்டினார். சனிக்கிழமை என்பதால் உன் தலைமாட்டில் ஒரு தேங்காயைக் கட்டினார்கள். நீ அறுத்துத் தின்றது உன்னிடமே வந்து சேர்ந்துவிட்டது என்று தோன்றியது. நாலு பேர் தூக்கினார்கள், நீ சொன்ன மாதிரியே லேசாக. பெண்கள் வாசலோடு நின்றோம். கோல் என் கையிலேயே இருந்தது. யாரும் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை.

இப்போது நான் வீடுகள் கட்டுகிறேன். வாசல் உயரத்தை மட்டும் நாடாவால் அளப்பதில்லை, இந்தக் கோலால்தான் அளக்கிறேன். கடையில் விற்கிற கதவு எதுவும் இதற்குச் சேராது என்று தச்சர்கள் முணுமுணுப்பார்கள், இது என்ன கணக்கு என்று கேட்பார்கள். ஒரு நண்பனின் கணக்கு என்பேன். லகாட்டில் நான் வீடு கட்டிக் கொடுத்த ஓர் அம்மா போன மாதம் போனில் சொன்னார்: "வீடு நல்லாத்தான் இருக்கு. ஆனா வாசலைப் பாத்தா யாரோ வந்து நிக்கிற மாதிரியே இருக்குலா." மாற்றித் தரட்டுமா என்று கேட்டேன். "வேணாம், இருக்கட்டும். நல்ல ஆளாட்டம்தான் தெரியுது" என்றார்.

கோலை மறுபடி கதவுக்குப் பின்னால் நிறுத்தியிருக்கிறேன். ஓலை வாசனை இன்னும் போகவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் உள்ளே போகிறவர்கள் வெளியே வர வேண்டும் என்று சொன்னவன் நீதான். அதற்காகத்தான் நான் கட்டுகிற எல்லா வாசலும் உன் உயரத்துக்கு மேல் ஒரு சாண் விட்டு நிற்கின்றன. எதிலும் நீ குனிய வேண்டியதில்லை.