மூன்று முறை அலசிய பாட்டில்

சேலையூர்க் குடியிருப்போர் சங்கத்தில் போன வாரம் எனக்குச் சால்வை போர்த்தினார்கள். கிணற்றுத் தண்ணீரில் சோப்புத்தூள் கலந்திருந்ததை அந்தக் காலத்திலேயே கண்டுபிடித்த அம்மையார் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். அது தவறு. கண்டுபிடித்தவர் நீங்கள்.

மேடையிலேயே சொல்லியிருக்க வேண்டும். கைதட்டல் ஓயட்டும் என்று காத்திருந்தேன், ஓய்ந்ததும் உட்கார்ந்துவிட்டேன். சந்தனக் கறை பட்ட அந்தச் சால்வையை இன்று காலை ஊறவைத்தேன். வாளியில் நுரை எழுந்து நின்றது. நீங்கள் இறந்து இரண்டு ஆண்டுகள் ஆன பிறகு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கம். குடிநீர் அலுவலகத்தில் நான் தட்டச்சர். நீங்கள் சைக்கிளில் கிணறு கிணறாகப் போய்ப் பரிசோதனைக்குத் தண்ணீர் எடுத்து வருபவர். உங்கள் குறிப்புகளில் பிழை திருத்துவது எனக்குப் பெருமை. கான்வென்ட் படிப்பு அப்படி. படிவத்தில் நிறம், வாசனை, உப்பு, கிருமி எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. நுரைக்கு இல்லை. "குலுக்கினால் நுரைக்கிறது" என்று நீங்கள் ஓரத்தில் எழுதியதை இரண்டு முறை தட்டச்சு செய்யாமல் விட்டேன்.

மூன்றாம் முறை, அலுவலகத்துக்குப் பின்னால் நாங்கள் குடியிருந்த குவார்ட்டர்ஸ் கிணற்றடிக்கு என்னையே அழைத்துப் போனீர்கள். "டைப்பிஸ்டம்மா, நல்லா பாத்துக்கோங்க" என்று அந்தத் தண்ணீராலேயே பாட்டிலை மூன்று முறை அலசிக் கொட்டினீர்கள். பிறகு பிடித்துக் குலுக்கினீர்கள். கழுத்துவரை நுரை.

"பிளீச்சிங் பவுடர் போட்டா போயிடாதா?" என்றேன்.

"அது கிருமியத்தான் கொல்லும்மா. நொர இதுக்குலாம் அடங்காது. சோப்புத் தண்ணி உள்ள எறங்குதுன்னா, சாக்கடையும் கூடவே வந்துகினு கீதுன்னு அர்த்தம்."

துவைக்கிற கல்லைப் பார்த்தீர்கள். கொடியில் என் புடவைகள். "உங்க பொடவ வெள்ளையா கீதும்மா. கெணறும் கூடவே வெளுத்துகினு கீது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள். ஆனால் அப்போது புதிதாக வந்திருந்த சோப்புத்தூளைக் குவார்ட்டர்ஸில் முதலில் வாங்கி, நாலு வீட்டுக்குச் சிபாரிசும் செய்தவள் நான். முகம் எரிந்தது.

மறுநாள் ஓவர்சியர் கூப்பிட்டார். நீங்கள் அந்தப் பாட்டிலோடு அவர் மேசை அருகே நின்றிருந்தீர்கள்.

"பாட்டிலை சோப்பு போட்டுக் கழுவிட்டு, சரியா அலசாம தண்ணி புடிச்சிருக்கார். கேட்டா, மூணு தரம் அலசினேன், நீங்க பாத்தீங்கன்றார். பாத்தீங்களாம்மா?"

"நான் கவனிக்கலை சார்."

நீங்கள் என்னை ஒருமுறை பார்த்தீர்கள். "வுடுங்க சார், அம்மாவுக்கு வேலை ஜாஸ்தி" என்றீர்கள்.

கவனக்குறைவு என்று உங்களுக்குக் கொடுத்த மெமோவை நான்தான் தட்டச்சு செய்தேன். ஓர் எழுத்துப் பிழை இல்லை. உங்களை வால்வு திறந்து மூடும் வேலைக்கு மாற்றினார்கள். அடுத்த கோடையில் வேறொருவர் கொண்டுவந்த பாட்டிலும் நுரைத்த பிறகுதான் அந்தக் கிணற்றை மூடினார்கள். அதுவரை குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் எல்லோரும் அந்தத் தண்ணீரைத்தான் குடித்தார்கள். படிவத்தில் "பிற குறிப்புகள்" என்று ஒரு கட்டம் புதிதாக வந்தது. அதைச் சேர்த்துத் தட்டச்சு செய்தவள் நான் என்பதால், நுரையைக் கண்டுபிடித்தவளும் நானே என்று பேச்சாகிவிட்டது; அதனால்தான் இன்று இந்தப் பெயர். உங்கள் மெமோவை யாரும் ரத்து செய்யவில்லை. செய்யச் சொல்லி நானும் கேட்கவில்லை. என் கணவரிடம்கூட இதைச் சொன்னதில்லை.

பல வருடம் கழித்து ராஜகீழ்ப்பாக்கம் பஸ் ஸ்டாப்பில் பார்த்தோம். நலம் விசாரித்துவிட்டு, பஸ் வந்தபோது சொன்னீர்கள்: "எழுத்துல ஒரு வரி போட்டிருக்கலாம்மா." அவ்வளவுதான்.

சால்வை போர்த்திய அன்று பேசிய இளம் பொறியாளர், நாம் விழுங்கும் மாத்திரைகள்கூட இப்போது தண்ணீரில் வந்து சேர்கின்றன, பட்டியலில் இல்லாததையும் தேடத்தான் வேண்டும் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

மெமோவின் கார்பன் நகல் இன்றுவரை என் பீரோவில் இருந்தது. அடியில், தட்டச்சு செய்தவள் என்று என் பெயரின் முதலெழுத்துகள். அதன் பின்பக்கத்தில், பாட்டிலை நீங்கள் மூன்று முறை அலசியதை என் கண்ணால் பார்த்தேன் என்று இன்று எழுதிக் கையொப்பமிட்டேன். ஒரு பிரதி சங்கத்துக்கு. நகலும் இந்த மடலும் செம்பாக்கத்தில் உள்ள உங்கள் மகளுக்கு.

இதைப் படிக்கும் அம்மா, உங்கள் அப்பா என்னைப் பற்றி வீட்டில் என்ன சொன்னார்? எதுவானாலும் சரி. போனில் வேண்டாம். தயவுசெய்து எழுதி அனுப்புங்கள்.