மாதாவுக்கு எப்போது லீவு

29 டிசம்பர்

அன்பு லீமாவுக்கு,

இயேசு, மரி, சூசை துணையோடு சவரிராஜ் எழுதுவது. மூவரும் நம் வீட்டில் ஒரே இடத்தில் இருக்கிறார்களா என்பதைப் போகப் போகச் சொல்கிறேன். நானும் பிள்ளைகளும் சுகம். அங்கே ராத்திரியில் குளிர்கிறது என்றாயே, ஸ்வெட்டர் வாங்கினாயா இல்லையா?

தினமும் போனில் பேசுகிற மனுஷன் கடிதம் எழுதுகிறானே என்று நினைப்பாய். போனில் சொன்னால் நீ அழுதுவிட்டு, வீங்கின கண்ணோடு வார்டுக்குப் போய் நிற்பாய். அதோடு, நான் சொல்லப்போவது ஜெரின் காதில் விழக் கூடாது. உன்னோடு வேலை பார்க்கும் வானதி லீவு முடிந்து குவைத் திரும்புகிறாள். அதிரசப் பொட்டலத்தோடு இதையும் அவளிடம் கொடுத்தனுப்புகிறேன். அதிரசம் என் அக்கா சுட்டது. கொஞ்சம் கடினம்தான், பல்லைப் பார்த்துக்கொள்.

சம்பா பால் பிடிக்கிறது. போன வாரம் விடாமல் மழை. கீழ்மடை வயலில் தண்ணீர் தேங்கிவிட்டது. வடிகாலை வெட்டிவிட்டதும் இறங்கிவிட்டது. கதிர் சாயவில்லை, கவலைப்படாதே.

அமலியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் பேப்பர் போதாது. கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலம் தொடங்கியதிலிருந்து வீட்டை நடத்துகிறது யார் என்று நினைக்கிறாய்? எட்டு வயதுக்காரிதான். சாயங்காலமானால் மெழுகுவர்த்தி ஏற்றி எங்களை முழங்காலில் நிறுத்திவிடுகிறாள். செபமாலையில் நான் தூங்கி வழிந்தால் தொடையில் ஒரு கிள்ளு. தாயைப் போலப் பிள்ளை என்று சும்மாவா சொன்னார்கள்? குடிலுக்காகத் தாம்பாளத்தில் நெல் விதைத்து, நேரம் தவறாமல் தண்ணீர் தெளித்து, பச்சைப் பசேலென்று நாற்று வளர்த்துவிட்டாள். நம் நாற்றங்கால்கூட அவ்வளவு ஒழுங்காக முளைத்ததில்லை.

மாதா, சூசையப்பர், ராஜாக்கள் சுரூபங்கள் இருக்கும் பெட்டியைத் திறந்தோம். ஒவ்வொன்றையும் உன் பழைய சேலைத் துணியில் சுற்றி வைத்திருந்தாய். பிரித்த துணிகளை அமலி ஒவ்வொன்றாக மடித்து வைத்தாள். கிளம்புகிற அவசரத்திலும் இதையெல்லாம் யோசித்திருக்கிறாயே லீமா.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். ஜெரின் ஏன் போனுக்கு வரமாட்டேன் என்கிறான், என்னை மறந்துவிட்டானா என்று ஒவ்வொரு தடவையும் கேட்கிறாய். விளையாடப் போயிருக்கிறான், தூங்குகிறான் என்று இத்தனை நாள் மழுப்பினேன். இப்போது உள்ளதைச் சொல்கிறேன்.

வருஷாவருஷம் நீ செய்வதைப் போலவே மூன்று ராஜாக்களையும் ஜன்னல் திண்டில் நிறுத்தினோம். தூர தேசத்திலிருந்து வருகிறவர்கள், தினமும் கொஞ்சம் நகர்ந்து, ஜனவரி ஆறாம் தேதி அவர்கள் திருநாளன்று குடிலுக்கு வந்துசேர்வார்கள் என்று அமலி தம்பிக்கு விளக்கினாள். மறுநாள் காலையில் குடிலில் மாதாவைக் காணோம். அக்கா பூனையைத் திட்டினாள். கடைசியில் பார்த்தால், ராஜாக்களுக்குப் பின்னால் ஜன்னல் திண்டில் மாதா நிற்கிறார். அமலி எடுத்துக் குடிலில் வைத்தாள். மறுநாள் திரும்பவும் ஜன்னலில். யார் கேட்டும் ஜெரின் வாய் திறக்கவில்லை. மாதா இல்லாத குடில் குடும்பத்துக்கு ஆகாது என்று அக்கா புலம்பித் தீர்த்துவிட்டாள்.

அப்போதுதான் கேரல் குழுவோடு பங்கு ஃபாதர் வந்தார். பாட்டு முடிந்து குடிலை மந்திரிக்கக் குனிந்தவர், மனைவி பக்கத்தில் இல்லாமல் சூசையப்பர் தனியாக நிற்பதைப் பார்த்துவிட்டார். அக்காவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஃபாதர் தரையில் உட்கார்ந்து, மாதா எங்கே தம்பி என்று ஜெரினைக் கேட்டார். எங்கள் யாருக்கும் சொல்லாதவன் அவரிடம் சொன்னான்.

"மாதா வெளிநாட்டுல வேலைக்குப் போயிருக்காங்க. லீவு கெடச்சா ராஜாக்கள் மாதிரி நடந்து வருவாங்க. அதுவரைக்கும் சூசையப்பர் பாப்பாவைப் பாத்துக்குவாரு."

ஃபாதர் அவன் தலையில் கை வைத்து வெகுநேரம் செபித்தார். போகும்போது அக்காவிடம், மாதாவுக்கு வழி தெரியும், அவர் வழியில் யாரும் குறுக்கே நிற்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

எதுவும் முறைப்படி நடக்க வேண்டும் என்று அடம்பிடிக்கிற அமலி என்ன செய்தாள் தெரியுமா? வழியில் மாதா தனியாக வரக் கூடாது என்று குடிலிலிருந்து இறக்கை விரித்த ஒரு சம்மனசைக் கொண்டுபோய் அவர் பக்கத்தில் நிறுத்தினாள். இந்தப் பிள்ளைகளை வயிற்றில் சுமந்தவள் நீ. எந்த நேர்ச்சை செலுத்தி நான் உன் கடனைத் தீர்ப்பது?

கிறிஸ்துமஸ் பூசை முடிந்து வந்து பாலன் இயேசுவைக் குடிலில் கிடத்தினோம். சூசையப்பருக்கு நெருக்கமாக வைக்கச் சொன்னான் ஜெரின். இத்தனை வருஷத்தில் அன்றுதான் அந்தச் சுரூபத்தின் முகத்தை நன்றாகப் பார்த்தேன். பாவம், பால் பொங்கி வழியாமல் காய்ச்ச அவருக்கும் தெரிந்திருக்காது.

போன் விஷயத்தைக் குளிப்பாட்டும்போது கேட்டேன். போனில் வருகிற அம்மா கட்டாகிவிடுவாளாம். நடந்து வருகிற அம்மாவோடுதான் பேசுவானாம். உன்னை மறந்த பிள்ளையா இவன்? இனிமேல் அந்த நினைப்பு உனக்கு வரவே கூடாது.

ஈஸ்டருக்கு லீவு கேட்டிருப்பதாகச் சொன்னாய். இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள் என்றும் சொன்னாய். எதைச் செய் என்று நான் சொல்லமாட்டேன். எங்களுக்காகப் போனவள் நீ, உனக்குத் தெரியாததா. ராஜாக்கள் திருநாள் முடிந்தால் குடிலைப் பிரித்துவிடுவது நம் வழக்கம். இந்த வருஷம் பிரிக்கப் போவதில்லை. நாற்று காய்ந்தால் திரும்ப விதைத்துக்கொள்ளலாம் என்று அமலி சொல்லிவிட்டாள்.

காலையில் பல் தேய்த்ததும் ஜெரின் மாதாவை ஒரு சாண் நகர்த்துகிறான். ஜன்னலைத் தாண்டி, அரிசி டிரம்மைத் தாண்டி, இப்போது உன் தையல் மிஷின்மேல் நிற்கிறார். அங்கிருந்து குடில் கிட்டத்தில்தான். மெதுவாக நகர்த்துடா என்று அவனிடம் சொல்லட்டுமா, வேகமாக என்று சொல்லட்டுமா? ஒரு வரி எழுது, போதும்.

பாலன் இயேசு உன் கையைப் பிடித்துக் கூட்டி வரட்டும்.

பாப்பாவைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
சவரிராஜ்