மாமாவின் வயலுக்கு மாட்டிய சிவப்பு அட்டை

வல்லக்கோட்டை,
10-8-2013, சனிக்கிழமை.

கனிஷ்காவின் அப்பாவுக்கு ஜோதி எழுதிக்கொள்வது. நானும் பாப்பாவும் நலம். உங்கள் அப்பாவும் நலம்தான், ஆனால் என்னோடு பேசுவதில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் பாதியிலேயே கத்த ஆரம்பித்துவிடுவீர்கள். கடிதம் என்றால் முழுக்கப் படித்துவிட்டுத்தானே கத்த முடியும்? கார் கம்பெனியில் உங்கள் லைனில் வேலை செய்யும் வேல்ராஜ் திங்கட்கிழமை கொரியாவுக்குப் புறப்படுகிறாராம். எலுமிச்சை ஊறுகாயும் பருப்புப் பொடியும் இந்தக் கடிதமும் அவர் கையில் வருகின்றன. முதலில் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டு முடியுங்கள், அப்புறம் படியுங்கள்.

போன மாதம் எனக்கு இரண்டு வேலை சொன்னீர்கள். ஒன்று, வீட்டுக் கம்ப்யூட்டரில் சேர்ந்துவிட்ட குப்பையை எடுப்பது. இன்னொன்று, மாமாவின் நிலத்தில் கார் கம்பெனிக்கு எடுத்தது போக மிச்சமிருக்கும் பின்கொல்லையை லாரி ஷெட் போடுகிறவருக்குக் கொடுக்க, மாமாவிடம் கையெழுத்து வாங்கி வைப்பது. முதல் வேலை முடிந்தது. இரண்டாவது முடியவில்லை. முதல் வேலை முடிந்த அழகில்தான் இரண்டாவது நின்றுபோயிருக்கிறது.

கம்ப்யூட்டர் எந்த லட்சணத்தில் இருந்தது என்று உங்களுக்குச் சரியாகத் தெரியாது. வீடியோவில் பேசும்போது உங்களுக்கு எங்கள் முகம் முழுசாகத் தெரிந்திருக்கும். எங்களுக்கு உங்கள் மோவாய் மட்டும்தான் தெரிந்தது. திரையில் மேலே பாதிக்கு மேல் டூல்பார் என்று பட்டை பட்டையாக ஏதேதோ வந்து அடைத்துக்கொண்டு, மிச்சமிருந்த சந்தில் நீங்கள் பேசினீர்கள். கொரியாவுக்குப் போய் நன்றாகச் சதை போட்டுவிட்டீர்கள் என்று ஒரு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அங்கே உங்களை நேரில் பார்த்துவிட்டு லீவில் வந்த ஒருவர் இளைத்திருக்கிறீர்கள் என்று சொன்ன பிறகுதான் விஷயம் புரிந்தது.

அந்தப் பட்டைகளை எல்லாம் கொண்டுவந்தது உங்கள் அப்பாதான். மாடி ரூமில் குடியிருக்கும் கோவில்பட்டிப் பெண் சுகப்பிரியா, அதுதான், சுங்குவார்சத்திரத்தில் செல்போன் தயாரிக்கிற கம்பெனிக்கு வேலைக்குப் போகிறாளே, அவள் பொங்கல் லீவில் ஃபேஸ்புக்கில் ஒரு விவசாய விளையாட்டைக் காட்டிக் கொடுத்தாள். கிழவனார் பொழுதுபோகட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். அது பொழுதுபோக்கு இல்லை, முழு நேர வெள்ளாமை என்று அப்புறம்தான் தெரிந்தது. காலையில் பல் விளக்குவதற்கு முன்னால் வயலைப் பார்த்தாக வேண்டும். பூசணி எட்டு மணி நேரத்தில் விளைகிறது என்பதை அவரால் தாங்கவே முடியவில்லை. 'இன்னா மண்ணுமா இது, எரு கூட போடாம காய்க்குது' என்று ஒரு வாரம் புலம்பினார். ஆனாலும் அறுத்தார். சுகப்பிரியாவின் வயல் இவருடைய வயலுக்குப் பக்கத்து வயல். அவள் நைட் ஷிப்ட் முடிந்து வந்து படுத்தால், கீழே நின்றுகொண்டு 'ஏ பொண்ணு, அங்க வெள்ளாம காயுது, நீ இன்னா தூங்கினுகீற' என்று குரல் கொடுப்பார். அவளும் பாவம், தலையை முடிந்துகொண்டு இறங்கி வருவாள்.

நடுவில் ஒருநாள் மாட்டுப் படம் ஒன்று வந்து, அமுக்கினால் பசுமாடு இலவசம் என்றிருக்கிறது. அமுக்கியிருக்கிறார். மாடு வரவில்லை, ஒரு பட்டை வந்தது. சரியாக அமுக்கவில்லை போல என்று மறுபடி அமுக்கியிருக்கிறார். இப்படியே ஒரு தொழுவத்துக்கு ஆகிற அளவு அமுக்கியிருக்கிறார். ஒரு பட்டை எந்த ஊருக்கோ மழை வரும் என்று சொல்லிக்கொண்டே இருக்கும். அதை நம்பி, காய வைத்த வடகத்தை மூன்று நாள் மாடியிலிருந்து தூக்க வைத்தார். வெயில் மண்டையைப் பிளந்தது. இன்னொன்றைத் திறந்தால் ஒரு வெள்ளைக்காரப் பெண் சிரிப்பாள். பக்கத்து வீட்டுத் தாயாரம்மாள் வந்தபோது அவள் சிரித்துத் தொலைக்க, மாமா வேட்டியை அவிழ்த்துத் திரையை மூடாத குறை.

இதைக் கேட்டுத்தான் நீங்கள் போனில் குதித்தீர்கள். சம்பளம் விழுகிற பேங்க் கணக்கை அதில்தான் திறக்கிறோம், இந்தப் பட்டைகள் பாஸ்வேர்டைத் திருடும் என்றீர்கள். எனக்கும் பயம் பிடித்துவிட்டது. கம்பெனியில் செய்கிற மாதிரி செய் என்றீர்களே, அப்படியே செய்தேன். வேண்டாத சாமானுக்குச் சிவப்பு அட்டை மாட்டுவது, இது யாருடையது என்று கேட்பது, சொந்தக்காரர் இல்லையென்றால் மூலையில் வைப்பது, ஒரு வாரம் யாரும் தேடாவிட்டால் தூக்கிப் போடுவது. எனக்கா தெரியாது? செருப்பு விடுகிற இடத்துக்குக்கூட மஞ்சள் கோடு போட்டுவிட்டுப் போன மனுஷனுக்கு வாழ்க்கைப்பட்டவள் நான். மாமாவின் மண்வெட்டிக்கு நீங்கள் மாட்டிவிட்டுப் போன சிவப்பு அட்டை இன்னும் பரண்மேல் தொங்குகிறது. பழைய இரும்புக்காரன் வந்தபோது போட மனசு வராமல் விட்டுவைத்திருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சுகப்பிரியாவை உட்கார வைத்தேன். அவள் ஒரு பட்டியலைத் திறந்து 'எக்கா, எவ்வளவு குப்ப கெடக்கு பாத்தியளா' என்று மலைத்துப்போனாள். அவள் ஒவ்வொரு பெயராகப் படிக்க, இது யாருடையது என்று நான் கேட்க, வீடே பஞ்சாயத்து ஆகிவிட்டது. நம் பாப்பா எல்லாவற்றுக்கும் 'என்னுது' என்று கை தூக்கினாள். மாமா எல்லாவற்றுக்கும் 'எனக்குத் தெர்யாது' என்றார். திருட்டு மாட்டோடு பிடிபட்டவர் போலீஸ் முன்னால் நிற்பது போல நின்றார். மாடு அமுக்கிய விஷயம் வெளியே வந்துவிடும் என்று பயம். அதனால் எதைக் கேட்டாலும் இல்லை என்று ஒரே தலையாட்டல்.

கடைசியில் ஃபிளாஷ் என்று ஒன்று வந்தது. இன்டர்நெட்டோடு ஒட்டிக்கொண்டு ஓடுகிற பிளக்-இன்களில் ஆபத்தானவை என்று நீங்கள் போனில் சொன்னவற்றில் அதுவும் இருந்தது. சுகப்பிரியா கொஞ்சம் இழுத்தாள். 'இது எதுக்கோ வேணும்னு நெனைக்கேன்க்கா' என்றாள். நான் மாமாவைக் கேட்டேன். 'பேரே நல்லால்ல, எனக்கு இன்னாத்துக்கு' என்றார். சொந்தக்காரர் இல்லை, அவ்வளவுதான், நிறுத்து என்று சொல்லிவிட்டேன். பட்டைகளைப் பிடுங்கிப் போட்டோம். ஃபிளாஷை மட்டும் பிடுங்கவில்லை, நிறுத்தி வைத்தோம். திரை பளிச்சென்று ஆகிவிட்டது. எனக்கு ஒரே பெருமை. அன்று ராத்திரி சுகப்பிரியா ஊரில் கோவில் கொடைத் திருவிழா என்று மூன்று வாரம் லீவு போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

மறுநாள் காலை மாமா வயலைத் திறந்தார். வயல் இல்லை. சாம்பல் நிறத்தில் ஒரு கட்டம் மட்டும் இருந்தது. அந்த விளையாட்டு ஓடுவதே ஃபிளாஷின் மேல்தான் என்று எனக்கு என்ன தெரியும்? கத்திரி அன்றைக்கு அறுப்பாம். திட்டுவார் என்று பார்த்தேன், திட்டவில்லை. நாற்காலியை விட்டு எழாமல் மெதுவாகச் சொன்னார். 'மொத தபா ஒர்த்தன் சர்வே நெம்பரைப் படிச்சான், நான் தலையாட்னேன். இப்ப நீ பேரைப் படிச்ச, நான் தலையாட்னேன். ரெண்டு தபாவும் எது என் நெலம்னு யாரும் காட்டல' என்றார். அன்றிலிருந்து பேச்சு இல்லை.

பேச்சு மட்டும் இல்லை, சாப்பாடும் இல்லை. காலையில் டீக்கடையில் பன். மத்தியானம் முருகன் கோவிலில் அன்னதானம். மூன்று வேளையும் அடுப்பெரிகிற வீட்டை விட்டுவிட்டு, வெளியூர்க்காரர்களோடு வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார். ஆடிக் கிருத்திகை அன்று கூட்டத்தில் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். தாயாரம்மாள் வந்து, மாமனாருக்குச் சோறு போடுவதில்லையா என்று என்னையே கேட்கிறாள். கம்ப்யூட்டரில் ஃபிளாஷை நிறுத்தியதால்தான் என்று அவளிடம் எப்படி விளக்குவது? எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. அந்த நிலையில் உங்கள் பேப்பரை எடுத்துக்கொண்டு போய், பின்கொல்லைக்குக் கையெழுத்துப் போடுங்கள் மாமா என்று எந்த வாயால் கேட்பேன்?

அவசரத்தில் நானே கம்ப்யூட்டரைச் சரிசெய்யப் பார்த்து, இருக்கிறதையும் கெடுத்துவிடுவேனோ என்று தொடவில்லை. பாப்பா தூக்கத்தில் சிணுங்குகிறாள். மிச்சத்தை நாளைக்கு எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை.

நேற்று எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்தேன். கிழிக்கலாமா என்று தோன்றியது. கிழிக்கவில்லை, ஏனென்றால் இன்றைக்கு இரண்டு விஷயம் நடந்தது.

சுகப்பிரியா காலையில் ஊரிலிருந்து வந்து சேர்ந்தாள். பையை இறக்குவதற்குள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து உட்கார வைத்துவிட்டேன். சிரித்து முடிக்க அவளுக்கு நேரம் பிடித்தது. பழைய ஃபிளாஷாகக் கிடந்ததுதான் கூடுதல் ஆபத்து என்று சொல்லிப் புதுசாக்கிப் போட்டாள். இனிமேல் அது தானாக ஓடாதாம். ஒவ்வொரு தடவையும் ஓடட்டுமா என்று நம்மைக் கேட்கும், நாம் சரி என்றால்தான் ஓடும். இதை முதலிலேயே செய்திருக்கலாமே என்றேன். 'நீங்க எங்கக்கா சொல்ல விட்டிய' என்றாள். அதுவும் சரிதான். இனி பேங்க் பக்கத்தைப் பயப்படாமல் திறக்கலாம், ஆனாலும் பாஸ்வேர்டை மாற்றிவிட்டோம்.

வயல் வந்தது. வந்தது என்றால், வெறும் சருகாக வந்தது. பழுப்பாகக் காய்ந்து, கத்திரி எது பூசணி எது என்றே தெரியவில்லை. பாப்பாவை விட்டு மாமாவைக் கூப்பிட்டேன். வாசலில் நின்றபடியே பார்த்தார். கை எல்லாம் மண். 'கீட்டும், அப்புறம் பாத்துக்கலாம். கீரைக்குத் தண்ணி உடணும்' என்று பாப்பாவிடம் சொல்லிவிட்டுப் பின்பக்கம் போய்விட்டார்.

பின்னாலேயே போனேன். நான் கோபத்தில் இத்தனை நாள் கொல்லைப் பக்கம் எட்டிப் பார்க்கவே இல்லை. துணியைக்கூட மாடியில்தான் காயப்போட்டேன். அன்னதானத்துக்குப் போகிற நேரம் போக மீதி நேரம் எல்லாம் எங்கே போகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே, இங்கேதான் இருந்திருக்கிறார். பரண்மேல் இருந்த மண்வெட்டியை இறக்கி, உங்கள் அட்டையைக் கழற்றி, அதையே மடித்துக் காம்பு ஆடாமல் இருக்கச் செருகியிருக்கிறார். கருவேலஞ்செடி எல்லாம் வெட்டியாகிவிட்டது. பாத்தி கட்டி முளைக்கீரை, ஓரமாக வெண்டை, கத்திரி நாற்று. நம் கார் கம்பெனி காம்பவுண்டு சுவர் வரைக்கும் பச்சையாக இருக்கிறது. லாரி ஷெட் அங்கேதான் வரும் என்றீர்களே, அதே இடம்.

கீரையில் ஒரு கட்டு பிடுங்கி என் கையில் கொடுத்தார். 'இது எட்டு மணி நேரத்துல வெளயல, அதனால நல்லா கீதோ இன்னாவோ, கடைஞ்சிப் பாரு' என்றார். மூன்று வாரத்துக்குப் பிறகு என்னிடம் பேசின முதல் பேச்சு. மத்தியானம் வீட்டில் சாப்பிட்டார். இரண்டு முறை சோறு வாங்கினார். சுகப்பிரியாவுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தேன். மாடி ரூம் பெண்கள் நாளைக்கும் கீரை உண்டா என்று கேட்டு அனுப்பியிருக்கிறார்கள். எனக்கு அடுப்படியில் நின்று நன்றாக அழ வேண்டும் போல இருந்தது, அழுதேன்.

இனி உங்கள் இரண்டாவது வேலை. அந்தப் பேப்பரை நான் கிழிக்கவில்லை, பயப்படாதீர்கள். உங்கள் முறைப்படியே செய்திருக்கிறேன். அதன்மேல் ஒரு சிவப்பு அட்டை குத்தி, பீரோ மூலையில் வைத்திருக்கிறேன். உரிமையாளர் என்ற இடத்தில் கன்னியப்பன் என்று மாமா பெயரை எழுதியிருக்கிறேன். எடுத்துப் போடவில்லை, நிறுத்தி மட்டும் வைத்திருக்கிறேன். லாரி ஷெட்காரர் போன் செய்தால், வீட்டு மனுஷன் வந்து பேசுவார் என்று சொல்லிக்கொள்கிறேன்.

நீங்கள் வந்ததும் செருப்பை மஞ்சள் கோட்டுக்குள் விட்டுவிட்டு, முதல் வேலையாக அவர் கையைப் பிடித்துக் கொல்லைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். பேப்பரில் இருக்கிற நம்பரைப் படிக்க வேண்டாம். இந்தப் பாத்தி, இந்தக் கீரை, இந்தச் சுவர் வரைக்கும் என்று காலால் நடந்து காட்டிவிட்டு, இது யாருடையது என்று கேளுங்கள். அவர் என்ன சொன்னாலும் எனக்குச் சம்மதம். கொடுத்துவிடு என்று அவர் வாயால் சொன்னால் பேனாவை நானே எடுத்துத் தருகிறேன். ஆனால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். ஒரு கம்ப்யூட்டரே நம்மைக் கேட்டுவிட்டுத்தான் ஓடுகிறது.

வேளைக்குச் சாப்பிடுங்கள், இளைக்காதீர்கள். அடுத்த தடவை பேசும்போது உங்கள் முகம் முழுசாகத் தெரியும், அப்போது முகத்தைப் பார்த்தே நீங்கள் என்ன முடிவு செய்தீர்கள் என்று தெரிந்துகொள்வேன். வல்லக்கோட்டை முருகன் உங்களைப் பத்திரமாக வீடு கொண்டுவந்து சேர்க்கட்டும். கத்திரி காய்ப்பதற்குள் வந்துவிடுங்கள். அதற்கு எட்டு மணி நேரம் போதாது, நாள் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் ஜோதி