வியர்த்த சுவர்

என்னைத் தூக்கி வளர்த்த அக்காவுக்கு,

பேசாலையில் வாடைக்காற்று தொடங்கிவிட்டது. உங்கள் அறையை என் மகள் லூர்தம்மா பிரசவத்துக்குக் கேட்கிறாள். வீட்டிலேயே கதகதப்பான அறை அதுதானாம். நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

மார்கழிக் குளிரில் உங்களுக்குத் தொய்வு வந்து மூச்சு இழுக்கும். நெருப்புச் சட்டி வைத்தால் புகை ஆகாது. அதனால்தான் தெற்குப் பக்கம் அந்தத் தடித்த சுவரைக் கட்டினேன். பகல் வெயிலைக் கல் வாங்கி வைத்து, பொழுது பட்டபின் உள்ளே விடும் என்று, வெள்ளைக்காரச் சுவாமியார் பள்ளியில் படிப்பித்ததை வைத்துக் கணக்குப் பார்த்தேன். வெயிலை இழுக்கட்டும் என்று வெளிப்புறத்துக்குத் தோணிக்குப் பூசும் தாரைப் பூசினேன்.

மேசன் மரியான் ஒன்றுதான் சொன்னார். "வாத்தியார், கடலிலயிருந்து எடுத்த முருகைக்கல்லு. ஒரு மாரி நனைஞ்சு உப்புப் போகட்டும். சுவர் எங்கயும் ஓடாது." நான் கேட்கவில்லை. எதையும் மூன்று தரம் சரிபார்ப்பவன், அந்த ஒரு தரம் ஏன் பொறுக்கவில்லை?

மழை பிடித்ததும் கல்லின் உப்பு ஈரத்தை இழுத்தது. வெளியே தார் அடைத்ததால் சுவர் உள்ளே வியர்த்தது. நீங்கள் அதில் முதுகைச் சாய்த்து இருந்தீர்கள். சூடு வருகிறதா என்று கேட்டேன்.

"நல்ல சூடடா தம்பி. நீ கட்டினது சும்மாவே?"

என் கைக்கு ஈரம் தெரிந்தது, அக்கா. உங்கள் சொல்லை நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. ஈரக் குளிரில் தொய்வு முற்றி, அந்த மார்கழியிலேயே, பாலன் பிறப்புத் திருநாளுக்கு முன்பே உங்களை அடக்கம் செய்தோம்.

பிறகு தாரைச் சுரண்டினேன். பல மாரிகள் கழுவி உப்பும் போய்விட்டது. இப்போது பின்னேரங்களில் சுவர் உண்மையாகவே சுடுகிறது. யாரோ சாய்ந்திருந்து இப்போதுதான் எழும்பிப் போனது போன்ற சூடு. நான் வாசலோடு நின்றுவிடுவேன். நீங்களா அக்கா? இன்னும் என்னைத் தேற்றிக்கொண்டா இருக்கிறீர்கள்?

நேற்று லூர்தம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சொன்னாள்:

"மாமியைப் போல நானும் உங்கட மனம் நோகாமப் பொய்தான் சொல்லுவன், அப்பா. என்னைக் கேளாதேங்கோ. நீங்களே இருந்து பாருங்கோ."

அறையை அவளுக்குக் கொடுக்கிறேன். பிள்ளை வரும்வரை ஒவ்வொரு பின்னேரமும் உள்ளே போய், சட்டையைக் கழற்றி, என் வெறும் முதுகைச் சாய்ப்பேன். ஈரம் பட்டால் அன்றே இடிப்பேன். சூடா என்று இனி எவரிடமும் கேட்கமாட்டேன்.

உங்கள் முகத்தை நினைக்கவும் கூசும்
உங்கள் தம்பி